அந்தக் கவிதை நோட்டு யாரு கையில இருக்கு?

கேள்வி: என் பொண்ணுக்குப் பொறந்ததுல இருந்தே பார்வை இல்ல. ஏழாவது படிக்கிறா, நல்ல மார்க். பாடமெல்லாம் போன்லயே கேட்டுக்குவா, பரீட்சையில அவ சொல்லச் சொல்ல எழுத ஸ்கிரைப் வருவாங்க. கவிதைகூட சொல்லுவா, நான் நோட்டுல எழுதி வெப்பேன். இப்ப ஸ்பெஷல் டீச்சர் பிரெயில் கத்துக்கணும்னு சொல்றாங்க. போன் இருக்கறப்ப விரலால தடவிப் படிக்கற இந்தப் புள்ளி எழுத்து எதுக்கு, வீண் சுமைதானே?
- திண்டுக்கல் வாசகி

பதில்: மார்க்க விடுங்கம்மா, அந்தக் கவிதை நோட்டுக்கு வருவோம். அது உங்க கையெழுத்துல, உங்க கையிலதானே இருக்கு? நேத்து சொன்ன கவிதையில ரெண்டாவது வரிய மாத்தணும்னு அவளுக்குத் தோணுச்சுன்னா நீங்க அடுப்படியில இருந்து வர்ற வரைக்கும் காத்திருக்கணும், அம்மா மேல கோவம்னு ஒரு கவிதை வந்தா அதை யாருகிட்ட சொல்லி எழுதுவா? பன்னெண்டு வயசுல ஒரு பொண்ணு யாருக்கும் காட்டாம நாலு வரி எழுதி வெக்க வழியில்லன்னா நல்ல மார்க் வாங்கி என்ன பிரயோஜனம்?

இன்னிக்கு சாயங்காலம் ஒண்ணு பண்ணுங்க. மழைக்கு எந்த ழ, மலைக்கு எந்த ல, பள்ளத்துக்கு எந்த ளன்னு கேளுங்க. நம்ம வீட்டுப் பேச்சுல மூணும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் காதுல விழுது, ஸ்கிரைப் தனக்குத் தெரிஞ்ச ஸ்பெல்லிங்ல எழுதிடுவாங்க, அவளுக்குத் தெரியுமா தெரியாதான்னு மார்க்ல வெளிய வராது. பிரெயில்ல அப்படி மழுப்ப முடியாது. ஒரு கட்டத்துல இடது மூணு, வலது மூணுன்னு மொத்தமே ஆறு புள்ளி, இடது பக்கம் மூணும் இருந்தா ல, வலது பக்கம் மூணும் இருந்தா ள, வலது மேல் புள்ளிய மட்டும் விட்டு மத்த அஞ்சும் இருந்தா ழ. விரல் வெச்ச உடனே தெரியும். 1824-லயே இந்த ஆறு புள்ளி முறைய உருவாக்குன லூயி பிரெயிலுக்கு அப்ப 15 வயசு, அவருக்கும் பார்வை கிடையாது.

போனைப் பிடுங்கச் சொல்லல, கதை கேக்கட்டும், பாட்டு கேக்கட்டும். ஆனா கேக்கறது வேற, படிக்கறது வேற. பார்வை உள்ள புள்ளைக்கு போன் இருக்கு, அ ஆ வேணாம்னு எந்தத் தாயாவது சொல்லுவாளா?

சுமைன்னு எழுதியிருக்கீங்களே, அது அவளுக்கா உங்களுக்கா? பேப்பர பிரெயில் ஸ்லேட்ல மாட்டி, ஊசியால குத்தி வலமிருந்து இடமா எழுதி, பேப்பரத் திருப்பி இடமிருந்து வலமா படிக்கணும், மொதல்ல குழப்பும்தான். அதனாலதான் சொல்றேன், நீங்களும் அவங்கப்பாவும் கூட உக்காந்து கத்துக்கணும், உங்களுக்குக் கண்ணால பாத்தே படிக்கலாம், அதுகூட செய்யலன்னா எதுக்குப் பெத்தவங்க? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இந்தப் புள்ளைங்களுக்கு 18 வயசு வரைக்கும் புத்தகமும் உபகரணமும் இலவசம், ஸ்பெஷல் டீச்சர்கிட்டயே கேளுங்க.

அவ தானே குத்தி எழுதுன மொத கவிதைய அவளாக் குடுக்காம எடுத்துப் படிச்சிடாதீங்க, அதுக்குள்ள உங்களுக்கும் பிரெயில் தெரிஞ்சிருக்கும்.