பச்சைத் தண்ணி பச்சையாகவா இருக்கிறது?

‘பச்சை’ என்ற ஒரு சொல்லைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவனுக்கு இதைவிட நல்ல வேலை ஏது?

நுவரெலியாவிலிருந்து: சேர், “பச்சைத் தண்ணியில் குளிக்காதே” என்று அம்மா ஏசுகிறார். தண்ணிக்கு ஏது பச்சை?

இங்கே பச்சை என்பது நிறம் இல்லை. அடுப்பைப் பார்க்காத தண்ணி, அவ்வளவுதான். பச்சையரிசியும் வெள்ளைதானே? நெல்லை அவிக்காமல் குற்றியது. பச்சைப்பிள்ளை, பிள்ளை பெற்றவளின் பச்சை உடம்பு, ஆறாத பச்சைப்புண், எல்லாம் இன்னும் முற்றாதவை, காயாதவை. பச்சை விறகை அடுப்பில் வைத்துப் பாருங்கள். வெட்டுவாயில் நுரை கக்கும், புகையும், பற்றாது. அந்த ஈரம்தான் பச்சை. மழைக் காலத்தில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து அடுப்படியில் ஊதி ஊதிக் கண் சிவந்தவர்களுக்கு அகராதி வேண்டாம்.

பதுளையிலிருந்து: அப்படியானால் பச்சைப் பொய்?

என் கணக்கில் அதுவும் சமைக்காததுதான். உப்புப் புளி சேர்த்துக் கொஞ்சமாவது நம்பும்படி ஆக்காமல் அப்படியே நீட்டுகிற பொய்.

ஹட்டனிலிருந்து: நான் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஒரே செடியின் கொழுந்துதான், கிரீன் டீ மட்டும் எப்படிப் பச்சையாக நிற்கிறது? அது பச்சையாகவே குடிப்பதா?

இதுதான் வேடிக்கை. பெயரில் பச்சை இருப்பதுதான் முதலில் சூடு பார்க்கிறது. பறித்து வந்த கொழுந்தை ஆவியிலோ சட்டியிலோ காட்டிவிடுவார்கள்; இலையைக் கறுக்க வைக்கும் நொதி அடங்கிவிடும். நம் சாதாரணத் தேயிலை எதிர்மாறு. மேல்மாடியில் பரப்பி வாட்டி, ரோலரில் கசக்கி, காற்றுப் பட விட்டு, புதுச் செம்புக்காசு நிறம் வந்த பிறகே சூடு. ஒரு கிலோ தேயிலைக்கு நாலரை கிலோ அளவுக்குப் பச்சைக் கொழுந்து போகும். மிச்சமெல்லாம் ஈரம். எங்கள் அம்மாவின் கூடையில் மழை நாளில் தண்ணிக்கென்று இரண்டு கிலோ கழிப்பார்கள். அது தண்ணியா, கொழுந்தா என்று அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

மஸ்கெலியாவிலிருந்து: அப்பாயி கையில் பச்சை குத்தியிருக்கிறார். நீலமாகத் தெரிகிறதே?

மை கறுப்புத்தான், கரி. தோலுக்கு அடியில் கிடக்கிற கறுப்பைத் தோல் வழியே பார்த்தால் நீலமும் பச்சையுமாகத் தெரியும். என் அப்பாயி கையில் ஒரு தேள் இருந்தது. வயதாகித் தோல் சுருங்கியதும் தேளும் வாலைச் சுருட்டிக்கொண்டது. பக்கத்தில் தாத்தாவின் பெயர். வாயால் ஒருநாளும் சொல்லாத பெயர்.

கண்டியிலிருந்து: தேசியக் கொடியில் பச்சைக் கோடு யாருக்கு?

முஸ்லிம் மக்களுக்கு. தமிழருக்குச் செம்மஞ்சள். தேர்தல் காலத்துப் பச்சை ஐக்கிய தேசியக் கட்சியின் நிறம். அதற்கு மேல் என்னை இழுக்காதீர்கள்.

பண்டாரவளையிலிருந்து: திருக்குறளில் வரும் பசலை மஞ்சளா, பச்சையா சேர்?

119ஆம் அதிகாரம், பசப்புறு பருவரல். பிரிவால் மேனியில் படரும் வெளிறல் அது. பசலை, பசுமை, பச்சை எல்லாம் ஒரே வேர்; அந்த வேர் இளம் பச்சையிலிருந்து மஞ்சள் வரை நீள்கிறது. பசும்பொன்னில் பச்சை எங்கே என்று கேட்க நினைத்தவருக்கும் இதுவே பதில். பசும்பாலை மட்டும் இதில் சேர்த்துவிடாதீர்கள், அது வெறும் மாட்டுப்பால்.