லேபில் கப்பா 10 வரும் யூகலிப்டஸ் கூழ், ஆலையில் வெளுக்கும்போது மட்டும் ஏன் இவ்வளவு குளோரின் டையாக்சைடு குடிக்கிறது?

நீங்கள் பெங்களூர் பீன்யா பக்கம் ஏதோ லேபில், ஆலையிலிருந்து வரும் சாம்பிளைச் சோதிப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன். கப்பா என்பது கூழில் மிச்சமிருக்கும் லிக்னினை, அதாவது மரத்தில் நாரை ஒட்டவைக்கும் பொருளைக் காட்டும் எண். அது 10, ஃபேக்டர் (ஒரு கப்பாவுக்குப் போடும் குளோரின் சதவீதம்) 0.22 என்றால் கூழின் எடையில் 2.2 சதவீதம் ஆக்டிவ் குளோரின் (வெளுக்கும் திறனைக் குளோரினாகக் கணக்கிட்ட அளவு). டையாக்சைடாக மாற்ற அதை 2.63-ஆல் வகுத்தால் டன் கூழுக்கு 8.4 கிலோ டையாக்சைடு. கணக்கு சரிதான், கோளாறு சாம்பிளில்.

லேபில் கூழை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் கப்பா பார்க்கப் பர்மாங்கனேட்டில் போடுவீர்கள். ஆலையிலோ கடைசி வாஷரைத் தாண்டியும் பிளாக் லிக்கர் (மரத்தைச் சமைத்த கறுப்புக் கழிவுநீர்) கூடவே வரும். அதில் கரைந்திருக்கும் லிக்னின் உங்கள் கப்பாவில் ஏறாது. ஆனால் வெளுக்கும் டவரில் டையாக்சைடு நாரைத் தொடுமுன் அதில்தான் தீர்ந்துபோகும். டவர் வாயிலில் ஒரு பிடி கூழ் எடுத்துக் கையால் பிழியுங்கள். வரும் நீர் டிகாஷன் மாதிரி இருந்தால் சந்தேகமே வேண்டாம். அதே கூழில் பாதியை அப்படியே வைத்து, மீதியை வெந்நீரில் நீர் தெளியும்வரை கழுவுங்கள். இரண்டுக்கும் ஒரே டோஸ், ஒரே பிஎச், ஒரே சூடு கொடுத்து, காஸ்டிக் எக்ஸ்ட்ராக்ஷனுக்கு (காரத்தில் லிக்னினைக் கரைத்தெடுப்பதற்கு) பிறகு கப்பா பாருங்கள். அந்த வித்தியாசம்தான் சரியாகக் கழுவாததால் போகும் காசு. டோஸை ஏற்றுமுன் அடைத்த ஷவர் நாசில், நுரை, வாஷரில் மேட் (கூழ்ப் படலம்) தடிமன் ஆகியவற்றைப் பாருங்கள்.

கழுவியும் டையாக்சைடு செலவு குறையவில்லையா? அப்படியானால் ஹெக்சனூரோனிக் அமிலம். கிராஃப்ட் சமையலில் (மரத்தைக் காரத்தில் வேகவைப்பதில்) சைலான் என்ற மரச் சர்க்கரைப் பொருளிலிருந்து உருவாவது. லிக்னினே அல்ல, ஆனாலும் பர்மாங்கனேட்டைத் தின்று கப்பாவில் சேரும், டவரில் டையாக்சைடையும் தின்னும். கிலோவுக்கு 50 மில்லிமோல் இருந்தால் உங்கள் 10-இல் சுமார் 4 அதுதான். வெளுக்குமுன் லிக்னினைக் குறைக்கும் ஆக்சிஜன் ஸ்டேஜ் இதைத் தொடாது. பிஎச் 3 முதல் 3.5, 90 டிகிரிக்கு மேல், இரண்டு மூன்று மணி நேரம் அமிலத்தில் வைத்தால் பெரும்பகுதி போய்விடும். பிஎச் இன்னும் இறங்கினால் விஸ்காசிட்டி விழும், அதாவது நார் பலவீனமாகும். விட்டுவைத்தால் ஆக்சலேட் படிவு குழாயை அடைக்கும், வெளுத்த கூழும் பின்னால் மஞ்சளாகும்.

"பைன் கூழில் இப்படி இல்லையே" என்று வருபவர்களுக்கு: அதில் இந்த அமிலம் குறைவு. கேள்வி யூகலிப்டஸைப் பற்றியது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: பெங்களூர்க் கடைகளில் நோட்டுப் புத்தக அட்டையில் "குளோரின் இல்லாதது" என்று போடுகிறார்கள். இ.சி.எஃப். (தனிமக் குளோரின் இல்லாமல் வெளுத்த) தாளில் இல்லாதது தனிமக் குளோரின் மட்டும். டையாக்சைடு போட்டுத்தான் வெளுத்திருக்கிறார்கள். அதை அப்படியே அச்சிட்டால் என்ன?