அப்டேட்டுக்குப் பிறகு மியூசிக் பிளேயரின் சார்ஜ் ஏன் நிற்பதில்லை?

ஆண்ட்ராய்டில் இயங்கும் மியூசிக் பிளேயர் ஒன்றை ஓராண்டாகப் பயன்படுத்தி வருவதாகவும், அண்மையில் வந்த அப்டேட்டைப் போட்டதிலிருந்து சார்ஜ் முன்புபோல் நிற்பதில்லை என்றும், பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். திரும்புவதற்கு முன் ஒரு சோதனையைச் செய்துபாருங்கள். இன்றிரவு படுக்கப்போகும்போது பாட்டை நிறுத்தி, திரையை அணைத்து, சார்ஜ் எத்தனை விழுக்காடு என்று குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும், வேறு எதையும் தொடுவதற்கு முன், மறுபடியும் பாருங்கள். இந்தப் புகாரோடு வருகிறவர்களில் அநேகமாக எல்லாரும் தொடர்ந்து பாட்டை ஓடவிட்டுத்தான் சோதிக்கிறார்கள். ஆனால் அப்டேட் செய்யும் உண்மையான சேதம், பாட்டு ஒலிக்கும் நேரத்தைவிட, பிளேயர் சும்மா கிடக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் நடக்கிறது. சாதனங்களுக்குள் ஓடும் மென்பொருளை எழுதுவது என் தொழில் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்கள் பிளேயரின் பேட்டரியில் அடங்கும் மின்சாரம் 3000 எம்ஏஎச் (மில்லிஆம்ப்-மணி) என்றும், பாட்டு ஒலிக்கும்போது அது 200 மில்லிஆம்ப் இழுக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து கேட்டால் 15 மணி நேரம் வரும். இங்கே சிங்கப்பூரில் உட்லண்ட்சிலிருந்து ராஃபிள்ஸ் பிளேசுக்கு எம்ஆர்டி ரயிலில் போய்வரும் ஒருவர் நாளொன்றுக்கு 2 மணி நேரம் பாட்டுக் கேட்டால், அதற்குச் செலவாவது 400 எம்ஏஎச். மீதி 22 மணி நேரமும் பிளேயர் ஆழ்ந்து உறங்கி 5 மில்லிஆம்ப் மட்டும் எடுத்தால், அதற்கு 110. ஆக நாளுக்கு 510. ஒருமுறை சார்ஜ் போட்டால் ஏறக்குறைய 6 நாள் ஓடும். இப்போது ஓர் அப்டேட், பாட்டு ஒலிக்கும்போது ஆகும் செலவைப் பத்து விழுக்காடு கூட்டிவிட்டது என்று வைத்துக்கொண்டால், 6 நாள் என்பது ஐந்தரை நாளாகும். யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். அதே அப்டேட் பாட்டைத் தொடாமல், உறக்கத்தை மட்டும் கெடுத்து, 5 மில்லிஆம்பை 60 ஆக்கிவிட்டால், சும்மா கிடக்கும் செலவு மட்டும் 1320 ஆகிவிடும். பிளேயர் இரண்டு நாள்கூடத் தாங்காது.

உறக்கம் கெடுவதற்குப் பல வழிகள் உண்டு. ஆண்ட்ராய்டில் ஏதேனும் ஒரு செயலி ‘நான் வேலையாக இருக்கிறேன், தூங்காதே’ என்று சாதனத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியும். இதைக் கட்டுப்படுத்தத்தான் 2015ல் வெளியான ஆண்ட்ராய்டு 6இல், சும்மா கிடக்கும் சாதனத்தை ஆழ்ந்து உறங்கவைக்கும் ‘டோஸ்’ என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். ஆனால் மியூசிக் பிளேயர் தயாரிப்பாளர்கள் ஆண்ட்ராய்டைத் தங்கள் ஒலிச் சிப்புகளுக்கேற்ப வெட்டி ஒட்டும்போது அந்த ஏற்பாடு எப்போதும் அப்படியே பிழைத்து நிற்பதில்லை. இன்னொரு காரணம் சுவையானது. பாட்டு தொடங்கும்போது இயர்ஃபோனில் ‘டப்’பென்று ஓர் ஒலி கேட்பதாக வாடிக்கையாளர்கள் குறைசொன்னால், அதைத் தீர்க்க எளிய வழி, பாட்டு நின்ற பிறகும் ஒலிச் சிப்பையும் ஆம்ப்ளிஃபயரையும் அணைக்காமல் மின்சாரத்தில் வைத்திருப்பது. அப்டேட் குறிப்பில் ‘ஒலித் தரம் மேம்படுத்தப்பட்டது’ என்று எழுதிவிடலாம். அதற்கான விலையைப் பேட்டரி கொடுக்கும்.

என் மாமாவின் பிளேயரில் நான் பார்த்தது வேறு வகை. பழைய திரைப்பாடல்களும் தேவாரமுமாக நிறைந்த 256 ஜிபி மெமரி கார்டைப் போட்டு வைத்திருக்கிறார். தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போனாலும் அது சட்டைப்பையில் இருக்கும். அப்டேட் போட்ட சில நாளில், “பாட்டே போடலப்பா, பையில கெடந்தே சுடுது, தொட்டுப் பாரு” என்று என் கையில் கொடுத்தார். திரை அணைந்திருந்தது; பின்பக்கம் மட்டும் வெதுவெதுவென்று இருந்தது. பேட்டரிப் பயன்பாட்டுப் பட்டியலைத் திறந்தால், பாட்டு ஒலிக்கும் செயலி கீழே எங்கோ இருந்தது. முதலிடத்தில் நின்றது, கார்டிலுள்ள கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பாடல் பட்டியலை உருவாக்கும் சேவை. கார்டைக் கழற்றிய சிறிது நேரத்தில் சூடு தணிந்துவிட்டது. அதைக் கணினியில் போட்டுத் தேடியபோது, நகலெடுப்பது இடையில் நின்றுபோனதால் பாதி மட்டுமே பதிவான ஒரு ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய பாட்டு) கோப்பு அகப்பட்டது. பழைய பதிப்பு அதைத் தாண்டிப் போயிருக்கிறது. புதியது அந்த இடத்தில் தடுக்கி விழுந்து, எழுந்து, முதல் கோப்பிலிருந்து மறுபடியும் படிக்கத் தொடங்கியிருக்கிறது. இரவும் பகலும் இதே வேலை. அந்தக் கோப்பை அழித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. அப்டேட்டின் குற்றமா, கார்டின் குற்றமா என்று மாமா கேட்டார். இரண்டுக்கும் பங்கு உண்டு என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

கோப்பில் கோளாறு எதுவும் இல்லாவிட்டாலும், அப்டேட்டுக்குப் பிறகு நூலகத்தை முழுவதுமாகத் திரும்பக் கட்டுவது வழக்கந்தான். ஆயிரக்கணக்கான பாடல்களின் பெயர், ஆல்பம், அட்டைப்படம் எல்லாவற்றையும் படித்து முடிக்கும்வரை சார்ஜ் வேகமாகத்தான் இறங்கும். ஆகவே அப்டேட் போட்ட முதல் இரண்டு மூன்று நாள் கிடைக்கும் கணக்கை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

விழுக்காட்டு எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். லித்தியம் பேட்டரி முழுச் சார்ஜில் பொதுவாக 4.2 வோல்ட்டில் இருக்கும். அங்கிருந்து இறங்கும்போது நடுப்பகுதியில் மின்னழுத்தம் மிக மெதுவாகவே குறையும் என்பதால், அதை மட்டும் வைத்து ‘இன்னும் இவ்வளவு மீதி’ என்று சொல்வது ஓரளவு ஊகமே. அந்த ஊகத்துக்கான அட்டவணை மென்பொருளுக்குள் இருக்கிறது. அப்டேட் அதை மாற்றினால், நேற்று 70 என்று காட்டிய அதே பேட்டரி இன்று 60 என்று காட்டும். பேட்டரியில் ஒன்றும் குறைந்திருக்காது. எனவே முழுச் சார்ஜிலிருந்து தானாக அணையும்வரை எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். நான் மேலே சொன்ன இரவுச் சோதனையிலும், ஓரிரு விழுக்காட்டு வித்தியாசத்தைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம். பத்துக்கு மேல் போனால்தான் கவலை. ஒரே இரவில் இருபது இறங்கியிருந்தால், வைஃபையை அணைத்தும், கார்டைக் கழற்றியும், ஒவ்வோர் இரவும் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்துக் காரணத்தைப் பிடித்துவிடலாம்.

காலையில் எண் அவ்வளவாகக் குறையவில்லை, கேட்கும்போதுதான் குறைகிறது என்றால், அமைப்புகளைப் பாருங்கள். அப்டேட்டுகள் பயனர் மாற்றியவற்றை ஓசைப்படாமல் பழைய நிலைக்குக் கொண்டுபோய்விடுவதுண்டு. நீங்கள் ‘லோ’வில் வைத்திருந்த கெயின், அதாவது ஒலியைப் பெருக்கும் அளவு, ‘ஹை’ ஆகியிருக்கலாம். ஒலியின் ஏற்ற இறக்கங்களைத் திருத்தும் ஈக்வலைசர் இயங்கத் தொடங்கியிருக்கலாம். புளூடூத்தில் பாட்டை உயர்ந்த தரத்தில் அனுப்பும் எல்டாக் என்னும் முறை புதிதாக வந்து, 990 கேபிபிஎஸ் என்ற உச்ச வேகத்தில் நிலைத்திருக்கலாம். கடைசியாகச் சொன்னது, காலைநேர எம்ஆர்டி பெட்டியில் ஆளுக்கொரு புளூடூத் இயர்ஃபோனோடு நெருக்கியடித்து நிற்கும் இடத்தில், சார்ஜுக்கும் கேடு, பாட்டும் விட்டுவிட்டுக் கேட்கும். 330 அல்லது 660க்கு இறக்கிவிடுங்கள். ஈக்வலைசர் பேட்டரியைத் தின்னும் என்பது புதிய செய்தி அன்று. ஐபாட் காலத்திலேயே அதை அணைத்து வைக்கச் சொன்னது ஆப்பிள். ஒரு பாடல் 9 எம்பிக்கு மேல் பெரிதாக இருந்தால் நினைவகத் தேக்கம் சரியாகப் பயன்படாது என்றும் அதே அறிவுரையில் சொல்லியிருந்தார்கள்.

அந்த அறிவுரையின் பின்னணியை விளக்கினால், மென்பொருளுக்கும் பேட்டரிக்கும் உள்ள உறவு புரியும். நம் ஊர் கிரியேட்டிவ் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நோமாட் ஜூக்பாக்ஸ், 6 ஜிபி வன்தட்டைச் சுழற்ற நான்கு ஏஏ பேட்டரிகளைக் கேட்டது. அடுத்த ஆண்டு வந்த ஐபாடில், சிறிய வன்தட்டோடு 32 எம்பி நினைவகமும் இருந்தது. ஏறத்தாழ 20 நிமிடப் பாட்டை ஒரே மூச்சில் அதில் ஏற்றிவிட்டு, வன்தட்டை நிறுத்திவிடுவார்கள். ஆப்பிள் சொன்ன 10 மணி நேரம் அப்படித்தான் வந்தது. எப்போது ஏற்றுவது, எப்போது நிறுத்துவது என்று தீர்மானித்தது மென்பொருள்.

இதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான சான்று ராக்பாக்ஸ். பல பிளேயர்களில் தயாரிப்பாளரின் மென்பொருளுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளக்கூடிய, ஆர்வலர்கள் சேர்ந்து எழுதிய திறமூல மென்பொருள் அது. ஐபாடில் முதலில் ஓடத் தொடங்கியபோது, ஆப்பிளின் மென்பொருளைவிட அது சார்ஜை வேகமாகத் தீர்த்தது. ஏனென்றால் அந்தச் சிப்பின் எந்தப் பகுதியை எப்படி அணைப்பது என்று எழுதியவர்களுக்குத் தெரியாது, ஆவணமும் கிடையாது. ஒவ்வொன்றாகத் தாங்களே கண்டுபிடித்தார்கள். சாதாரணமாகச் சிப்பை 30 மெகாஹெர்ட்சில் ஓட்டி, தேக்கத்திலுள்ள பாட்டு தீரும் தறுவாயில் மட்டும் 80க்கு ஏற்றி, சுருக்கிய கோப்பின் அடுத்த பகுதியை ஒலியாகப் பிரித்துவைத்ததும் திரும்ப இறக்கிவிடும் முறை அப்படி வந்ததுதான். அதே வன்பொருள், அதே பேட்டரி. மென்பொருள் மாற மாற ஓடும் நேரம் கூடிக்கொண்டே போனது. பேட்டரி எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பதிவுசெய்யும் ஒரு கருவியையே அதற்குள் வைத்திருக்கிறார்கள். தயாரிப்பாளர்கள் இதைப் பின்பற்றினால், உங்கள் கேள்வியைப் போன்ற கேள்விகள் பாதியாகக் குறையும் என்பது என் எண்ணம்.

ஆண்ட்ராய்டிலும் இதுபோன்ற முன்னேற்றம் நடந்ததுண்டு. 2013ல் வந்த ஆண்ட்ராய்டு 4.4, பாட்டைப் பிரிக்கும் வேலையை முதன்மைச் சிப்பிடமிருந்து எடுத்து, சிக்கனமான ஒலிச் சிப்பிடம் ஒப்படைக்க வழிசெய்தது. நெக்சஸ் 5 கைப்பேசியில் இதனால் பாட்டுக் கேட்கும் நேரம் 50 விழுக்காட்டுக்கும் மேல் கூடி, 60 மணி நேரம்வரை போகும் என்று கூகல் அறிவித்தது. இங்கேதான் ஒலித் தரத்தை நாடுபவர்களுக்கு ஒரு சங்கடம். மியூசிக் பிளேயரின் பெருமையே, ஆண்ட்ராய்டின் வழக்கமான ஒலிப் பாதையைத் தவிர்த்துத் தன் சொந்தப் பாதையில் பாட்டை அனுப்புவதுதான். எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான ஈக்வலைசரையோ அந்தச் சொந்தப் பாதையையோ ஓர் அப்டேட் புதிதாகச் சேர்க்கும்போது, இந்தச் சிக்கன ஏற்பாடு கைவிடப்பட்டு, முதன்மைச் சிப் பாட்டு முழுவதும் விழித்திருக்க நேரிடலாம். அது பிழையன்று, தெரிந்தே செய்யும் மாற்றம். என்னைக் கேட்டால், ரயிலில் கேட்கும் பாட்டுக்கு அந்த நுட்பம் தேவையில்லை.

இயங்குதளம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு சோனியின் வாக்மன் வரிசையைப் பார்க்கலாம். சொந்த இயங்குதளத்தில் ஓடிய ஏ55க்கு அதிகபட்சம் 45 மணி நேரம் என்று அறிவித்தார்கள். 2019ல் ஆண்ட்ராய்டுக்கு மாறிய ஏ105க்கு 26. 2023இன் ஏ306க்கு 36. சிப்பும் பேட்டரியும் சோதித்த கோப்பும் ஒன்றல்ல என்பதால் இதை மென்பொருளின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. ஆனாலும் எதை விலையாகக் கொடுத்துச் செயலிகளை வாங்குகிறோம் என்பது தெரிகிறது.

உங்கள் பிளேயருக்கு ஒரு வயது என்பதையும் மறக்க வேண்டாம். ஐபாட் பேட்டரி 400 முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு 80 விழுக்காட்டுக் கொள்ளளவோடு இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்று ஆப்பிள் சொல்லும். நம் ஊர் வெப்பத்தில், முழுச் சார்ஜோடு, மாலை வெயில் அடிக்கும் சன்னலோரத்தில் கிடக்கும் பேட்டரி இன்னும் விரைவாகவே மூப்படையும். மெதுவாக நடந்த தேய்வு, அப்டேட் வந்த வாரத்தில் கண்ணில் பட்டிருக்கவும் கூடும்.

இத்தனையும் பார்த்தபின் அப்டேட்தான் காரணம் என்று உறுதியானால், முதலில் தொழிற்சாலை அமைப்புக்கு மீட்டுப் பாருங்கள். பழைய பதிப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த அமைப்புகள் புதியதோடு ஒத்துப்போகாமல் இருந்தால் அதிலேயே தீர்ந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் பழைய பதிப்பைத் தேடலாம். சொந்த இயங்குதளம் கொண்ட சிறிய பிளேயர்கள் பலவற்றில், பழைய ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் ஓடும் மென்பொருள்) கோப்பை மெமரி கார்டில் வைத்துத் தொடங்கினால் போதும். ஆண்ட்ராய்டு பிளேயர்களில் சில பின்னோக்கிப் போகவே விடுவதில்லை. விடுகின்றவையும் உள்நினைவகத்தைத் துடைத்துவிட்டுத்தான் போகும். உங்கள் மாடலுக்கென்று தயாரிப்பாளர் தரும் கோப்பைத் தவிர வேறு எதையும் போடாதீர்கள், பாதிக்கு மேல் சார்ஜ் இல்லாமல் தொடங்காதீர்கள். இணையத்தில் பாட்டுக் கேட்பவர் என்றால், பழைய பதிப்பில் பாதுகாப்புத் திருத்தங்கள் இருக்காது என்பதையும், உங்கள் செயலி அதில் ஓடாமல் போகலாம் என்பதையும் எண்ணிப்பார்த்து முடிவெடுங்கள். பிளேலிஸ்ட்களை முன்கூட்டியே கணினியில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்; பாட்டைத் திரும்ப நகலெடுத்துவிடலாம், உள்நினைவகத்தில் இருந்த பட்டியல்களைக் கையால்தான் மறுபடியும் கட்ட வேண்டும்.