202 வந்தால் போன் பழுது என்று அர்த்தமில்லை

கேள்வி: பாளையங்கோட்டை மார்க்கெட்டில் மொத்தக் கடை, பேட்டையில் குடோன். இரண்டு இடத்திலும் இன்டர்நெட் போன், சர்வர் சென்னையில். குடோனில் யாராவது பேசினால் கல்லா போனில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், எரிவதில்லை. போட்டுத் தந்தவர், "சர்வர் 200 சொல்லாமல் 202 சொல்கிறது, போன் எல்லாத்தையும் மாற்றணும்" என்கிறார். மாற்றலாமா?

வேண்டாம் அண்ணாச்சி, ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

அந்த விளக்குக்காக உங்கள் போன் சர்வரிடம் "குடோன் லைனில் என்ன நடந்தாலும் எனக்குச் சொல்" என்று கேட்டு வைக்கிறது, அதுதான் சப்ஸ்க்ரைப், அதாவது சந்தா. அதற்கு வரும் பதில்தான் 200 (சரி) அல்லது 202. 2002-இல் வந்த ஆர்எஃப்சி 3265 விதியில் (ஆர்எஃப்சி என்பது இன்டர்நெட் விதிகளை எழுதி வைக்கும் ஆவணம்) 202 என்றால் "கேட்டது புரிந்தது, அனுமதி உண்டா என்று இன்னும் சொல்லவில்லை" என்று இரண்டுங்கெட்டானாகப் பொருள் வைத்தார்கள். குழப்பம்தான் மிச்சம். 2012-இல் ஆர்எஃப்சி 6665 வந்து, இனி யாரும் 202 அனுப்பக்கூடாது, வந்தாலும் 200 மாதிரியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முடித்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் பழைய சாஃப்ட்வேரை அப்படியே ஓட்டுகிறார்கள், அதைக் காட்டிப் போனை வேறு விற்கிறார்கள் என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கேஸ் புக் பண்ணியதும் வருகிற மெசேஜ் மாதிரிதான் இந்த 200-ம் 202-ம். சிலிண்டர் வந்ததா என்று பார்க்க வேண்டாமா? இங்கே சிலிண்டர் என்பது நோட்டிஃபை, குடோன் லைனில் என்ன நடக்கிறது என்று சர்வர் உங்கள் போனுக்கு அனுப்பும் செய்தி. விளக்கை எரிய வைப்பதும் அணைப்பதும் அதுதான். 32 விநாடிக்குள் ஒன்றுகூட வரவில்லையென்றால், முன்னால் வந்தது எந்த எண்ணாக இருந்தாலும் அந்தச் சந்தா தோல்வி என்பதே விதி.

வந்திருந்தால் அதில் சப்ஸ்கிரிப்ஷன்-ஸ்டேட் என்ற வரியைப் பாருங்கள். ஆக்டிவ் என்றால் சரி. பெண்டிங் என்றால் சர்வரில் யாரோ அனுமதி கொடுக்கவில்லை, அதைக் கொடுக்கச் சொன்னால் போதும். டெர்மினேட்டட் என்றால் சர்வர் முடித்துவிட்டது, காரணம் பெரும்பாலும் பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

ஒரே ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். சில நேரம் நோட்டிஃபை முதலில் வந்து, 200 பிறகு வரும். லாக்கில், அதாவது போனும் சர்வரும் பரிமாறிக்கொண்ட செய்திகளின் பதிவில், தலைகீழாகத் தெரியும். "வரிசை தப்பு, சர்வர் கெட்டுப்போச்சு" என்பார்கள். தப்பே இல்லை, இரண்டும் தனித்தனியாக வருகிறவை, எது வேண்டுமானாலும் முந்தலாம், போன் அதற்குத் தயாராக இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. இன்னும் சொல்லப்போனால், புது விதிப்படி சந்தா உறுதியாவதே நோட்டிஃபை வந்தால்தான், 200-ஐ வைத்து இல்லை. அதனால் முந்தி வந்த நோட்டிஃபையைத் தூக்கியெறியும் போன் இருந்தால், அதன் சாஃப்ட்வேரைத்தான் புதுப்பிக்க வேண்டும். புதுப்போன் வாங்க அது காரணமே ஆகாது.

நோட்டிஃபையே வரவில்லையா? முதலில் கடை ரவுட்டரில் சிப் ஏஎல்ஜி என்று, இன்டர்நெட் போன் செய்திகளில் கை வைக்கும் வசதி ஒன்று இருக்கும், அதை அணைக்கச் சொல்லுங்கள். உதவுகிறேன் என்று உள்ளே புகுந்து முகவரியை மாற்றிக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். கொஞ்ச நேரம் எரிந்துவிட்டு அப்புறம் அணைந்து போகிறதென்றாலும் ரவுட்டரையே சந்தேகப்படுங்கள், சும்மா கிடக்கும் வழியை அது மூடிவிடும்.

லாக்கில் 489 என்று இருந்தால் மட்டும் சர்வருக்கு அந்த விளக்குச் சேவையே தெரியவில்லை என்று பொருள். அப்போதும் பேச வேண்டியது சர்வர்காரரிடம்தான்.