கவுன்சில் வரியில் போலீஸ் பங்கு: கேட்டவர்களுக்குப் பதில்

மார்ச்சில் கவுன்சில் வரி, அதாவது வீட்டுக்காக உள்ளாட்சிக்குக் கட்டும் வரியின் பில் வந்தாலே எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். லண்டனில் ஒரு கவுன்சிலின் வரிப் பிரிவில் 12 வருடம் இருந்தவன் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் போலீஸுக்காக ஏற்றிய வரியைப் பற்றித்தான், அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அண்ணா, பில்லில் கவுன்சில் தொகை இருக்கிறது, கீழே ஜி.எல்.ஏ. என்று ஒன்று இருக்கிறது. போலீஸ் எங்கே? (ஹாரோ)

அந்த ஜி.எல்.ஏ.வுக்குள்தான். அது லண்டன் மேயரின் பங்கு, கவுன்சில் அதை வசூலித்து அப்படியே கொடுத்துவிடும். வீட்டின் விலையை வைத்து ஏ முதல் எச் வரை பேண்ட் பிரித்திருக்கிறார்கள், ஏ மலிவான வீடு, எச் விலை உயர்ந்தது. 2025-26-ல் பேண்ட் டி வீட்டுக்கு அந்தப் பங்கு 490.38 பவுண்டாக இருந்தது, அதில் 319.13 பவுண்டு லண்டனின் மெட் போலீஸுக்குப் போனது, முந்தைய வருடத்தைவிட 14 பவுண்டு கூடுதல். உங்கள் வீடு பேண்ட் ஏ என்றால் இதில் மூன்றில் இரண்டு பங்கு, பேண்ட் எச் என்றால் இரண்டு மடங்கு. அந்த பேண்ட் இன்றைக்கும் 1991 ஏப்ரல் விலையை வைத்துத்தான் போடப்படுகிறது என்பது வேறு கதை.

வருடா வருடம் ஏற்றுகிறார்கள், கடை வாசலில் ஒரு போலீஸைப் பார்த்து மாதக்கணக்காகிறது. காசு எங்கேதான் போகிறது? (ஈஸ்ட்ஹாம்)

உங்கள் கோபம் நியாயம்தான். 2010-க்குப் பிறகு மத்திய அரசு போலீஸுக்குத் தரும் மானியத்தை வெட்டியது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 20,000 போலீஸார் குறைந்தார்கள். அப்புறம் அதே அளவு ஆட்களை மறுபடி எடுக்கிறோம் என்று 2019-ல் அறிவித்து 2023 மார்ச்சில் முடித்தார்கள், ஆனால் அதற்குள் அனுபவசாலிகள் பலர் போய்விட்டார்கள், செலவில் பெரும்பகுதி சம்பளம் என்பதால் ஏற்றுகிற வரியில் நிறைய சம்பள உயர்வுக்கே சரியாகப் போய்விடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் எனக்கு மனசு ஆறாத விஷயம். லண்டனை ஒட்டிய வசதியான பகுதியான சர்ரேயில் போலீஸின் வருமானத்தில் பாதிக்கு மேல் உள்ளூர் வரியிலிருந்தே வருகிறது. வட இங்கிலாந்தின் நார்தம்ப்ரியாவில் அந்தப் பங்கு அதைவிட மிகக் குறைவு, அங்கே பேண்ட் ஏ வீடுகள்தான் அதிகம். அதனால் எல்லா இடத்திலும் ஒரே 14 பவுண்டு ஏற்றினாலும் வசதியான ஊருக்கு அதிகமும் ஏழை ஊருக்குக் குறைவும் கிடைக்கிறது. திருட்டும் கத்திக்குத்தும் அதிகமுள்ள இடத்துக்குக் குறைந்த காசு போவது சரியே இல்லை.

இஷ்டத்துக்கு ஏற்றிக்கொள்ளலாமா? (லூட்டன்)

முடியாது. ஒவ்வொரு வருடமும் அரசு ஒரு உச்சவரம்பு வைக்கும், அதைத் தாண்டினால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். நடந்ததே உங்கள் பெட்ஃபர்ட்ஷயரில்தான்! 2015-ல் அங்கே இருந்த போலீஸ் கமிஷனர், அதாவது லண்டனில் மேயர் செய்வதுபோல் அங்கே போலீஸ் வரியை முடிவு செய்யும், தேர்தலில் ஜெயித்து வருகிறவர், 100 போலீஸாரைக் கூடுதலாக எடுக்க 15.8 சதவீதம் ஏற்றக் கேட்டார். ஏற்றிய தொகையோடு பில் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. மே 7 பொதுத்தேர்தலோடு வாக்கெடுப்பும் நடந்தது, பத்தில் ஏழு பேர் வேண்டாம் என்றார்கள், பில்லைத் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை, வரம்புக்குள்ளேயே ஏற்றிக்கொள்கிறார்கள்.

தம்பி, பென்ஷனில் தனியாக இருக்கிறேன். இதையும் நான் கட்ட வேண்டுமா? (டூட்டிங்)

அம்மா, தனியாக இருப்பவருக்கு 25 சதவீதம் குறைப்பு உண்டு, போலீஸ் பங்கும் சேர்த்துத்தான். வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகையான பென்ஷன் கிரெடிட்டில் 'கேரண்டி' பகுதி கிடைக்கிறதா என்று பாருங்கள், கிடைத்தால் பெரும்பாலும் வரியே கட்ட வேண்டியிருக்காது. ஆனால் அது தானாக வராது, கவுன்சிலில் விண்ணப்பிக்க வேண்டும்.

நகை திருட்டுப் போய் மூன்று நாள் கழித்துத்தான் போலீஸ் வந்தது. போலீஸ் பங்கை மட்டும் கட்டாமல் விடலாமா? (க்ராய்டன்)

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கட்டாமல் விட்டால் முதலில் நினைவூட்டல் வரும், ஏழு நாளில் கட்டாவிட்டால் முழு வருடத் தொகையும் கேட்பார்கள், பிறகு நீதிமன்றச் சம்மன், கடைசியில் ஜப்திக்காரர். அந்தக் கடிதங்களை அச்சடித்து அனுப்பியவன் சொல்கிறேன். வீடு புகுந்து திருடினால் கட்டாயம் நேரில் வருவோம் என்று போலீஸ் தலைவர்கள் 2022-ல் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் குறிப்பிட்டு எழுத்தில் புகார் கொடுங்கள்.

அதோடு உங்கள் வார்டு போலீஸ் குழு நடத்தும் கூட்டத்துக்குப் போங்கள். எங்கள் வார்டில் அது நூலகத்தின் பின்னறையில் நடக்கும். போன தடவை ஒன்பதே பேர்தான், அதில் நம் ஆள் ஒருவர், கடை வைத்திருப்பவர், திருடர்கள் வந்த தேதியையும் நேரத்தையும் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்து எடுத்து வந்திருந்தார். சார்ஜென்ட் அதை வாங்கி வரி வரியாகப் படித்தார். அடுத்த மூன்று மாதத்துக்கு அந்தக் கடைத்தெரு ரோந்துதான் முதல் வேலை என்று அங்கேயே முடிவானது.

கமிஷனர் பதவியையே எடுக்கிறார்களாமே, வரி குறையுமா? (ரெடிங்)

2028 மே மாதத்தோடு எடுப்பதாக 2025 நவம்பரில் அறிவித்தார்கள். பொறுப்பு மேயரிடமோ உள்ளூர் கவுன்சில் தலைவர்களிடமோ போகும், வரி குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இப்போதைக்கு, எவ்வளவு ஏற்றப்போகிறார் என்பதை உங்கள் கமிஷனர் பிப்ரவரி 1-க்குள் போலீஸ் பேனலுக்கு, அதாவது அவரைக் கண்காணிக்கும் குழுவுக்கு, சொல்ல வேண்டும், அதில் மூன்றில் இரண்டு பங்கு பேர் எதிர்த்தால் அந்தத் தொகையை மாற்றியாக வேண்டும். அதற்கு முன்பு பொதுவாக டிசம்பர், ஜனவரியில் இணையத்தில் மக்களிடம் கருத்துக் கேட்பார்கள். ஐந்து நிமிட வேலை, நிரப்பி அனுப்புங்கள்.