நீளமான ஆங்கிலச் சொல்லை எப்படிப் பிரிப்பது: அசையாகவா, உறுப்பாகவா?

அசை என்பது ஓர் உயிரொலியைச் சுற்றி வரும் ஒலித்துண்டு. ஒவ்வோர் உயிரொலிக்கும் வாய் ஒருமுறை திறந்தாக வேண்டும், அதனால்தான் உயிரொலியை வைத்து எண்ணுகிறோம். இன்-டர்-நே-ஷ-னல்: ஐந்து அசை. தாடைக்கு அடியில் கை வைத்துச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

சொல்லுறுப்பு பொருளைப் பார்க்கும். இன்டர் (இடையே), நேஷன் (நாடு), அல் (சார்ந்த): மூன்றுதான். நம் பகுதி, விகுதி மாதிரி. எழுத்துப்பிழை குறைய இதுவே அதிகம் உதவும் என்பேன்.

கரும்பை வாய்க்கு அடங்குமாறு கடிப்பது அசை; கணு பார்த்து ஒடிப்பது உறுப்பு.

இரண்டு வெட்டும் ஒரே இடத்தில் விழும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: ஹெ-லி-காப்-டர் என்று உச்சரித்தாலும், அதன் கிரேக்க உறுப்புகள் ஹெலிகோ (சுருள்), ப்டெரான் (சிறகு), வெட்டு 'காப்' அசையின் நடுவே விழுகிறது.