பெட்டியில் நாப்கினுக்கு இடம் ஒதுக்காதே, கண்ணு

நம் கேரள எல்லைக் கொழிஞ்சாம்பாறைப் பொண்ணு என்று பார்த்ததுமே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன் கண்ணு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்குப் படிக்க வருகிறேன், ஆறு மாதத்துக்கு நாப்கின் எடுத்து வரணுமா, அங்கே இலவசம் என்கிறார்களே, யாரிடம் போய்க் கேட்பது, நம்மைப் போல வெளியிலிருந்து வருகிறவர்களுக்கும் உண்டா என்று கேட்டிருந்தாய்.

உண்டு. யாரிடமும் கேட்க வேண்டாம். ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்து வா, வந்து இறங்கியதும் அலையாமல் இருக்க.

கேட்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நான் படித்த பள்ளியில் நாப்கின் ஸ்டாஃப் ரூம் பீரோவில் பூட்டியிருக்கும். போய் நிற்க வேண்டும், நீளமான ஒரு நோட்டில் பெயர், வகுப்பு, தேதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பத்தாவதில் ஒருநாள், நோட்டில் எனக்கு மேலே இருந்த பெயர்களை சார் ஒருவர் சத்தமாகப் படித்தார். அதற்கப்புறம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. இரண்டு கர்ச்சீப்பை மடித்து வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை பெஞ்சை விட்டு எழுந்திருக்காமல் இருந்திருக்கிறேன்.

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருந்த என் அத்தை பொண்ணுக்கு அந்த அரசின் 'புதுயுகம்' இலவச நாப்கின் திட்டத்தில் கிராம நர்ஸ் வீட்டுக்கே பாக்கெட் கொண்டுவந்து கொடுப்பார். அவள் அதில் ஒன்றை எனக்கு ஒளித்து வைப்பாள். நம் பக்கம், கேரளப் பள்ளிகளுக்கு 'ஷீ பேட்' என்ற இலவச நாப்கின் திட்டம் வந்தது 2017இல், நான் பிளஸ் டூ முடித்த பிறகு.

2019இல் இங்கே வந்தேன். பல்கலைக்கழக நூலகக் கழிப்பறையில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரம்புக் கூடை. அதில் பேட், டாம்பான் (உள்ளே வைத்துக்கொள்ளும் பஞ்சுச் சுருள்), சின்னது பெரியது என்று எல்லாம் இருந்தன. பூட்டு இல்லை, நோட்டு இல்லை. இரண்டு முறை உள்ளே போய், ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒன்றே ஒன்றை எடுத்து ஸ்வெட்டர் கைக்குள் செருகிக்கொண்டு வந்தேன். அறைக்கு வந்து அழுதேன். அது சந்தோஷம் இல்லை கண்ணு, அந்த நோட்டு ஞாபகம்.

அப்போது இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் வரவில்லை. பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகங்களில் 2018லேயே ஸ்காட்லாந்து அரசு பணம் கொடுத்து வைக்கச் சொல்லியிருந்தது. மோனிகா லெனன் என்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதா 2020 நவம்பரில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, எதிர்த்து ஒரு ஓட்டுகூட விழவில்லை. 2022 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறை. கவுன்சில், அதாவது உள்ளாட்சி, தேவைப்படுகிற எவருக்கும், கல்வி நிலையங்கள் தங்கள் மாணவர்களுக்கும் இலவசமாகக் கிடைக்கச் செய்ய வேண்டும். எடுப்பவரின் மரியாதை குறையக் கூடாது என்பதையும் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் பெரிது.

ஊருக்குள் கவுன்சில் நூலகம், சமூகக் கூடம் இங்கெல்லாம் இருக்கும். 'பிக்கப் மை பீரியட்' என்ற செயலியைப் போனில் போட்டுக்கொள், பக்கத்தில் எங்கே என்று காட்டும். கடையில் வாங்கினால் காசுதான், அதில் மாற்றமில்லை.

ஒன்று மட்டும் கவனம். இது ஸ்காட்லாந்துச் சட்டம். இங்கிலாந்தில் அரசுப் பள்ளிகளுக்குத் திட்டம் இருக்கிறது, பல்கலைக்கழகங்களுக்குக் கட்டாயமில்லை. உன் தோழி லண்டன் போகிறாள் என்றாயே, அவள் தன் கல்லூரியில் விசாரிக்கட்டும். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்பது நமக்குப் புதுசா?

அம்மா துணிதான் பழக்கப்படுத்தியிருக்கிறார் என்று எழுதியிருந்தாய். துவைத்துப் பயன்படுத்தும் பேடும், உள்ளே வைத்துக் கழுவித் திரும்பப் பயன்படுத்தும் மாதவிடாய்க் கப்பும் இலவசப் பட்டியலில் உண்டு. ஆனால் குளிர்காலத்தில் இங்கே வெயிலே இருக்காது, துணி காய இரண்டு நாளாகும். ஹீட்டருக்குப் பக்கத்தில் ஒரு கம்பி ஸ்டாண்டு போட்டுக் காயவை, இன்னொரு துணியைப் போட்டு மூடாதே.